மனிதநேய முகாமைத்துவம்: ஒரு சொல் விளக்கம்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் வீதியோரக் கல்வி நிலைய விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் சொற்களுள், ஆங்கிலத்தில் 'மனேஜ்மென்ட்' எனப்படும் 'முகாமைத்துவம்' ஒன்று. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அது 'வர்த்தக முகாமைத்துவ பீடம்' என்றும், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 'முகாமைத்துவ வர்த்தக பீடம்' என்றும் முன்பின் மாறி நிற்கிறது. மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஒரு காலத்தில் இலிகிதர், அதாவது எழுத்தர், எனப்பட்டவர் இன்று முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். பெயர் நீண்டதே தவிர, அவர் மேசையிலுள்ள கோப்புகள் குறையவில்லை. இச்சொல்லின் முன் 'மனிதநேய' என்னும் அடையைச் சேர்த்து வழங்கும்போது, வேலை செய்பவரின் உடல்நலம், குடும்பம், தன்மானம், கருத்து ஆகியவற்றுக்கும் இடமளித்து ஒரு நிறுவனத்தை நடத்தும் முறை என்று அது பொருள்படுகிறது.

முதலில் முகாமை. தலைமை, முதன்மை என்னும் பொருளில் வழங்கிய இச்சொல் 'முகம்' என்பதன் அடியாக வந்தது. முகம் என்பது உறுப்பை மட்டுமன்றி முன்பக்கத்தையும் தொடக்கத்தையும் குறிக்கும். ஆறு கடலில் கலக்கும் இடத்தையும் முகத்துவாரம் என்றே எங்கள் பகுதியில் சொல்கிறோம். ஆனால், போர்க்காலத்தில் வளர்ந்த கிழக்கிலங்கைச் செவிகளுக்கு முகாமை என்றவுடன் முகம் நினைவுக்கு வருவதில்லை. இராணுவ முகாமும் அகதி முகாமுமே நினைவுக்கு வருகின்றன. முகாம் என்பது, தங்குமிடத்தைக் குறிக்கும் 'மகாம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முகாமையோடு அதற்கு உறவு எதுவும் இல்லை. ஒலி ஒற்றுமையால் நேர்ந்த மயக்கமே இது எனினும், ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவதே முகாமை என்று எண்ணும் சில மேற்பார்வையாளர்களைப் பார்க்கும்போது, மயங்கியவர்கள் கேட்பவர்கள் மட்டும்தானா என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு.

முகாமைத்துவம் என்பதன் ஈற்றிலுள்ள 'த்துவம்' வடமொழிப் பண்புப்பெயர் விகுதி. 'மை' என்பதும் பண்புப்பெயர் விகுதியே. ஆகவே இச்சொல் சட்டைக்கு மேல் சட்டை போட்டதைப் போல இரண்டு விகுதிகளைத் தாங்கி நிற்கிறது. 'தலைமைத்துவம்' என்பதிலும் இதே மிகையைக் காணலாம். முகாமை என்றாலே போதும்.

தமிழ்நாட்டார் இதனை மேலாண்மை என்பர். மேல், ஆள், மை என்று பிரியும் இச்சொல்லில் 'மேல்' என்பதே ஓங்கி ஒலிக்கிறது. அமெரிக்கச் சிந்தனையாளரான மேரி பார்க்கர் ஃபொலெட் 1920களில், ஒருவர் மேல் செலுத்தும் அதிகாரம் வேறு, ஒருவரோடு சேர்ந்து உருவாக்கும் அதிகாரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். அவ்வகையில் பார்த்தால், மேலாண்மை முதலாவதன் பக்கம் சாய்ந்த சொல். முகாமை அப்படிச் சாயவில்லை. ஆங்கில 'மனேஜ்' என்பதற்கு இவ்விரண்டிலும் நெருங்கிய தமிழ் வேறொன்று உண்டு. அந்த ஆங்கிலச் சொல் கையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, குதிரையைப் பழக்குதலைக் குறித்த இத்தாலிய வினையின் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'கையாளுதல்' என்பதே அதன் நேர்த்தமிழ். குதிரைக்குப் பொருந்திய சொல்லை மனிதருக்கு நீட்டியதனால்தான் பிற்காலத்தில் மனிதநேயம் என்ற அடைமொழி தேவைப்பட்டது போலும்.

அந்த அடைமொழிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலத்தில் 'ஹியூமன்', 'ஹியூமேன்' என்னும் இரண்டும் முன்பு ஒரே சொல்லின் இரு எழுத்து வடிவங்கள். 18ஆம் நூற்றாண்டளவில்தான் பின்னது இரக்கமும் கனிவும் உடைய என்னும் தனிப்பொருளுக்கு ஒதுங்கியது. தமிழில் அதனை மனிதாபிமானம் என்றும் மனிதநேயம் என்றும் சொல்கிறோம். மனிதாபிமானம் நிவாரணப் பொதியையும் உதவி நிறுவனத்தின் வெள்ளை வாகனத்தையும் நினைவூட்டும் சொல்லாக, 2004ஆம் ஆண்டின் கடல்கோளுக்குப் பின்னர் எங்கள் கரையோரத்தில் ஆகிவிட்டது. கொடுப்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் நிற்கும் சொல் அது. வேலைத்தலத்துக்கு அது பொருந்தாது. எட்டு மணி நேரம் உழைத்தவருக்கு உரியதைக் கொடுப்பது நிவாரணம் ஆகாது.

இதற்கு உரிய பழந்தமிழ்ச் சொல் 'மக்கட்பண்பு'. 'அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர் மக்கட்பண் பில்லா தவர்' என்னும் 997ஆம் குறள், திறமையையும் பண்பையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கிறது. அரத்தைப் போன்ற அறிவுக்கூர்மை இருந்தும் மரமாக நிற்பவர் யார் என்பதை, ஓர் அலுவலகத்தில் ஓராண்டு வேலை செய்த எவருக்கும் உரையாசிரியர் விளக்க வேண்டியதில்லை.

இனி, 'மனிதவளம்' என்னும் தொடர். இதனை இருவகையாக விரிக்கலாம். மனிதராகிய வளம் என்று விரித்தால், மனிதர் நீரையும் நிலக்கரியையும் போல எடுத்துச் செலவிடும் பொருளாகின்றனர். 'ஹியூமன் ரிசோர்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடரின் கருத்து இதுவே. மனிதரது வளம் என்று ஆறாம் வேற்றுமையில் விரித்தால், நிறுவனத்தில் பணிபுரிவோர் வளமாக இருத்தல் என்று பொருள் மாறிவிடும். மொழிபெயர்த்தவர்கள் அறிந்தோ அறியாமலோ இரண்டு வாயில்களையும் திறந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வாயிலால் நுழைவோர் குறைவு.

எங்கள் வயல்களில் இந்தக் கருத்துக்குப் பட்டறிவில் விளைந்த ஒரு சொல் ஏற்கனவே இருந்தது. நிலவுடைமையாளரான போடியாருடைய வேளாண்மையை முன்னின்று நடத்தி, வயற்காரர்களை வழிப்படுத்துபவரை முல்லைக்காரன் என்பார்கள். இதனை முன்னிலைக்காரன் என்பதன் மருஉவாகக் கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. அவர் வரம்பில் நின்று கட்டளையிட்டதோடு அமையாமல் சேற்றிலும் இறங்கினார். வேலைக்கு வந்தவனிடம் 'சாப்பிட்டயா மனே?' என்று கேட்ட பிறகே வேலையைப் பற்றிப் பேசினார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. போடியாருக்கும் வயற்காரருக்கும் இடையில் கடனும் பணிவும் இருந்தன, நெல்லை அளந்தபோது யார் கை ஓங்கியது என்பதும் ஊரறிந்தது. ஆயினும் சொல் நல்ல சொல். இலக்கணத்திலும் முன்னிலை என்பது நீ, நீங்கள் என்று எதிரே நிற்பவரைக் குறிக்கும் இடம். இல்லாதவரைப் பற்றிப் பேசும் இடம் படர்க்கை. ஆளணி, தலைக்கணக்கு, வெற்றிடம் என்னும் அலுவலகச் சொற்கள் யாவும் பணிபுரிவோரைப் படர்க்கையில் வைத்துப் பேசுகின்றன.

சிகாகோவுக்கு அருகிலுள்ள ஹோதோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள், வெளிச்சத்தைக் கூட்டியபோது மட்டுமன்றிக் குறைத்தபோதும் உற்பத்தி உயர்ந்ததைக் கண்டு திகைத்தன. தங்களை ஒருவர் கவனிக்கிறார், தங்களிடம் கேட்கிறார் என்பதே தொழிலாளரை ஊக்கியது என்று அப்போது விளக்கம் கூறப்பட்டது. அந்த முடிவுகளைப் பிற்கால ஆய்வாளர்கள் கேள்விக்குட்படுத்தியிருந்தாலும், அங்கிருந்து வளர்ந்த கருத்தைத் தமிழில் இரண்டே சொற்களில் சொல்லலாம்: முகங்கொடுத்துப் பேசுதல். ஆனால் முகம் பார்த்துச் சலுகை செய்தால் அது முகத்தாட்சணியம் ஆகிவிடும். சொந்தக்காரருக்கு நல்ல வேலைமுறை, மற்றவருக்கு இரவு வேலைமுறை என்பதை மனிதநேயம் என்று யாரும் ஏற்பதில்லை. இலங்கையில் கடை மற்றும் காரியாலய ஊழியர் தொடர்பான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரையறுத்தது, முதலாளியின் நல்ல மனத்தை நம்பியிருக்க முடியாது என்பதனால்தான்.

ஆகவே, 'மக்கட்பண்புடைய முகாமை' என்பதை நான் பரிந்துரைப்பேன். பேச்சில் 'முன்னிலை முகாமை' என்றாலும் விளங்கும். சொல்லை மாற்றுவதோடு நில்லாமல் கடித நடையையும் மாற்றிப் பார்க்கலாம். 'தங்களது விடுமுறை விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டுள்ளதாக அறியத்தரப்படுகின்றது' என்னும் வாக்கியத்தில் பரிசீலித்தவரும் இல்லை, நிராகரித்தவரும் இல்லை, அறியத்தருபவரும் இல்லை. 'நீங்கள் கேட்ட மூன்று நாள் லீவில் இரண்டு நாளை மட்டுமே என்னால் தர முடிகிறது. மூன்றாம் நாளுக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லை' என்று எழுதினால், மறுப்பு அங்கேயும் இருக்கிறது. மறுத்தவருக்கு ஒரு முகமும் இருக்கிறது.