கெஜட்: செய்தித்தாள் அரசிதழான கதை

கெஜட் என்றதும் நமக்கு அரசாங்கம்தான் நினைவுக்கு வரும். சட்டங்கள், விதிகள், நியமனங்கள் ஆகியவற்றை அரசு முறைப்படி வெளியிடும் இதழ் அது. தமிழில் அரசிதழ். அழகான, துல்லியமான சொல்; தயங்காமல் பயன்படுத்தலாம்.

ஆனால் கெஜட் பிறந்தபோது அதற்கும் அரசுக்கும் தொடர்பில்லை. 16-ஆம் நூற்றாண்டு வெனிஸ் நகரில் 'கஸெட்டா' என்றொரு சிறு நாணயம் புழங்கியது. செய்தித் தாளுக்கு அந்தக் காசுதான் விலை. காசின் பெயரே தாளுக்கும் ஒட்டிக்கொண்டது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1631-இல் பாரிஸில் இதே பெயரில் ஓர் இதழ் தொடங்கியது. 1665-இல் லண்டனில் பிளேக் பரவ, அரசவை ஆக்ஸ்போர்டுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே தொடங்கிய 'ஆக்ஸ்போர்டு கெஜட்' மறு ஆண்டே 'லண்டன் கெஜட்' ஆனது. அது அரசின் அறிவிப்புகளைத் தாங்கி வந்ததால், மக்கள் காசு கொடுத்து வாங்கிய செய்தித்தாளின் பெயருக்கு அரசின் குரல் என்ற பொருளும் சேர்ந்தது.

பழைய பொருள் அத்துடன் மறைந்துவிடவில்லை. 1780-இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி தொடங்கிய 'பெங்கால் கெஜட்' இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாள். எல்லாத் தரப்புக்கும் இடமுண்டு, எவருடைய செல்வாக்குக்கும் உட்படாது என்பது அதன் முழக்கம். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையே அது கடுமையாகச் சாடியது. ஹிக்கி சிறை சென்றார். 1782-இல் அச்சகமும் பறிபோனது. தேசிய அரசியலை யாருக்கும் அஞ்சாமல் எழுதும் இன்றைய சார்பற்ற செய்தித் தளங்களுக்கு இந்தக் கெஜட்டே முன்னோடி. அதை அரசிதழ் என்று மொழிபெயர்த்தால் ஹிக்கிக்கு அநீதி செய்தவர்களாவோம். அங்கே 'செய்தியிதழ்' என்பதே பொருந்தும்.

இன்று நம்மிடையே நிலவும் பெரிய குழப்பம் வேறு. செய்தி, அரசாணை, அரசிதழ் மூன்றையும் ஒன்றாகக் கருதிவிடுகிறோம். அரசாணை என்பது ஒரு துறை பிறப்பிக்கும் உத்தரவு. அரசிதழ் என்பது சட்டங்களையும் விதிகளையும் முறைப்படி வெளியிடும் ஏடு. நீலகிரியில் இந்த வேறுபாடு பலருடைய வாழ்க்கையைத் தொடுகிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். படுகர்களோ தங்களையும் சேர்க்கும்படி நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். தேர்தல் மேடையில் எந்தக் கட்சி வாக்குறுதி அளித்தாலும், அரசமைப்புச் சட்டத்தின் 342-ஆவது பிரிவின்படி அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பட்டியலில் சேர்க்கும் மசோதா அப்படித்தான் 2022 டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறியது. அதன் பிறகும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் அரசிதழ் வெளியீடும் தேவைப்பட்டன.

ஆகவே 'டெல்லியில் முடிவாகிவிட்டது' என்ற செய்தி கோத்தகிரி ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், கைபேசி வழியே பரவினால், கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தத் தேதி அரசிதழில்? இந்திய அரசிதழை இப்போது இணையத்திலேயே எவரும் பார்க்கலாம். சட்டம் பற்றி எழுதும் செய்தித் தளம் அந்தத் தேதியையும் குறிப்பிட வேண்டும் என்று நான் உறுதியாக எதிர்பார்க்கிறேன். முடிவை அரசிதழ் சொல்லும். அதன் காரணத்தையும், யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு என்பதையும் செய்தியாளர்தான் சொல்ல வேண்டும்.

கிளைச் சொற்களும் உண்டு. நகல் சான்றிதழ்களில் சான்றொப்பம் இடும் 'கெஜட்டட் ஆபீசர்' தமிழில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர். 'கெஜட்டியர்' என்பது முதலில் செய்தி எழுதுபவரைக் குறித்தது. பின்னர் ஊர், மலை, ஆறு, மக்கள் பற்றிய விவரத் தொகுப்புக்குப் பெயரானது. நீலகிரிக்கு அப்படியொரு தொகுப்பு 1908-இல் வெளிவந்தது. அதையும் சிலர் அரசிதழ் என்று எழுதிவிடுகிறார்கள். 'மாவட்ட விவரத் தொகுப்பு' என்று எழுதினால் போதும்.