மூடியிருக்க வேண்டும், பூட்டியிருக்கக் கூடாது

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் ஆறாம் மாடியில், படிக்கட்டுக் கதவை ஒட்டித் தரையில் செம்பழுப்பாக ஒரு வட்டத் தடம் இருக்கிறது. சுவரில் தொங்க வேண்டிய தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றிக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்து வைத்தே உண்டான தடம் அது. கட்டடப் பராமரிப்பையும் தீப் பாதுகாப்பையும் கவனிக்கும் பொறியாளன் என்ற முறையில் காலையில் அதை எடுத்து மாட்டிவிட்டு வருவேன். பதினோரு மணித் தேநீருக்குள் அது மீண்டும் அதே வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்.

கண்டிப்பதற்கு முன் ஒருநாள் அங்கேயே நின்று பார்த்தேன். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் காகிதக் கோப்பைகள் அடுக்கிய தட்டு என்று வரும் தேநீர்க்காரப் பெரியவர், தானாகச் சாத்திக்கொள்ளும் அந்தக் கனத்த கதவை ஒவ்வொரு முறையும் தோளால் இடித்துத் திறக்க வேண்டியிருந்தது. முட்டுக்கொடுத்தவர் மீது எனக்கிருந்த கோபம் அத்துடன் போயிற்று.

ஆனால் கதவு திறந்தே கிடப்பதன் ஆபத்து அப்படியே இருக்கிறது. தீ விபத்துகளில் பெரும்பாலான உயிர்களைப் பறிப்பது புகைதான். சூடான புகை மேலே ஏறும் இயல்புடையது என்பதால், ஒரு மாடியில் கதவு திறந்திருந்தால் போதும், படிக்கட்டுக் கூடம் முழுவதும் புகைபோக்கியாக மாறி, அதற்கு மேலுள்ள மாடிகளில் இருப்பவர்களுக்கு இறங்க வழியில்லாமல் போய்விடும். தீப்பற்றும்போது லிஃப்டையும் பயன்படுத்தக் கூடாது என்பதால் அவர்களுக்கு வேறு வழி ஏது? உங்கள் அலுவலகப் படிக்கட்டுக் கதவைப் பாதி திறந்து, பிடியை விட்டுவிட்டுப் பாருங்கள். அது தானாக வந்து கொண்டியில் விழ வேண்டும். விழாவிட்டால் மேலே உள்ள, கதவைத் தானாகச் சாத்தும் டோர் குளோசரில் எண்ணெய் கசிந்திருக்கலாம்.

மொட்டைமாடிக் கதவின் கதை இதற்கு நேர் எதிரானது. புகைபிடிக்கப் போகிறார்கள், தண்ணீர்த் தொட்டிக்குப் பாதுகாப்பில்லை என்று அதற்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுச் சாவியை யாரோ ஒருவர் வைத்துக்கொள்கிறார். கொல்கத்தா பார்க் தெருவில் இருக்கும் ஸ்டீபன் கோர்ட் கட்டடம் 2010 மார்ச் 23 அன்று தீப்பிடித்தபோது 43 பேர் இறந்தார்கள். மேலே தப்பிக்க ஓடியவர்களை மொட்டைமாடியின் பூட்டிய கதவு தடுத்து நிறுத்தியது. உள்ளிருந்து தள்ளினால் சாவியின்றித் திறந்து, அதே நேரத்தில் மணியும் அடிக்கும் குறுக்குக் கம்பிப் பூட்டுகள் கடைகளில் கிடைக்கும்போது, சாதாரணப் பூட்டையே தொங்கவிடுவதற்குச் சிக்கனம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

முட்டுக்கொடுத்த சிலிண்டரையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். பவுடர் சிலிண்டரானால் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் அறிய முடியும். எங்கள் ஆறாம் மாடி சிலிண்டரில், கைப்பிடியைப் பூட்டி வைக்கும் பாதுகாப்பு ஊசியின் முத்திரை அறுந்திருந்தது.

தேநீர்க்காரரின் சிரமத்துக்கும் வழி இருக்கிறது. கதவைத் திறந்தபடியே பிடித்திருக்கும் மின்காந்தத்தைத் தீ எச்சரிக்கை அமைப்புடன் இணைத்துவிட்டால், மணி அடித்ததும், மின்சாரம் நின்றாலும், அது பிடியை விட்டுவிடும். கதவு தானே மூடிக்கொள்ளும். அதை வாங்கக் கேட்டு நான் எழுதிய கடிதம் கணக்குப் பிரிவில் இருக்கிறது. அனுமதி வரும்வரை, பதினோரு மணிக்கும் நான்கு மணிக்கும் காவலர் ஒருவர் ஆறாம் மாடிக்கு ஏறி வந்து பெரியவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்.