கேம்பர் வேன்: மாற்றியமைக்கவும் சொந்தமாக வைத்திருக்கவும் சட்டம் கேட்பவை

வேன் ஒன்றுக்குள் படுக்கை, சிறு சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, அலமாரி ஆகியவற்றைப் பொருத்திப் பயண வீடாக ஆக்கிக்கொள்ள விரும்புபவர்கள், நல்ல பட்டறையைத் தேடுவதற்கு முன்பு அந்த வேனின் பதிவுச் சான்றை, அதாவது ஆர்.சி.யை, ஒருமுறை வரிவரியாகப் படித்துவிட வேண்டும். வாகனத்தின் வகை, பாடியின் வகை, இருக்கைகளின் எண்ணிக்கை, வெற்று எடை, எரிபொருள், நிறம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும் விவரங்கள்தான் சட்டத்தின் பார்வையில் அந்த வண்டி. உள்ளே செய்யப்படும் வேலை அவற்றுள் எதையாவது மாற்றுகிறதா என்ற ஒரு கேள்வியைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும் என்பதால், இந்தியாவில் இதற்கான விதிகள் என்ன சொல்கின்றன என்பதை அந்த இடத்திலிருந்தே விளக்குகிறேன்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதன் அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் வேறுபாடு உண்டாகும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்று அது கூறுகிறது. வாகனத்தின் கட்டமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படை இயல்பையே மாற்றிவிடும் மாற்றம்தான் 'மாற்றம்' எனக் கருதப்படும் என்ற விளக்கத்தையும் அதே பிரிவு தருகிறது. இருக்கை உறையை மாற்றுவதும் திரைச்சீலை தொங்கவிடுவதும் இதில் சேரா. பின் இருக்கைகளைக் கழற்றி எறிவதும், கூரையை அறுத்து உயர்த்துவதும், பக்கத் தகட்டை வெட்டிப் புதிய சன்னல் வைப்பதும், சரக்கு வண்டியின் பெட்டியை ஆட்கள் தங்கும் அறையாக்குவதும் ஐயமின்றி இதில் சேரும். 2019ஆம் ஆண்டு சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இந்தப் பிரிவை விளக்கி, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று உறுதிபடத் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம் தண்டனையையும் கடுமையாக்கியது. 182அ பிரிவின் நான்காவது உட்பிரிவின்படி, அனுமதிக்கப்படாத வகையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். கூரை ஒன்று, சன்னல் ஒன்று, இருக்கை ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவதற்கு அவை இடம் தருகின்றன. மாற்றத்தைச் செய்து முடித்த 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 52ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவு உள்ளது. இதைப் படித்துவிட்டு, முதலில் வேலையை முடித்து விடலாம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பலர். அது பதிவு செய்வதற்கான கெடுவே அன்றி, முதல் உட்பிரிவு தடுக்கும் ஒன்றுக்கு வாசல் திறந்துவிடும் சலுகை அல்ல.

இவ்வளவையும் படித்தவுடன் கேம்பர் வேன் வைத்திருப்பதே குற்றமோ என்ற அச்சம் எழலாம். அப்படியில்லை. கேம்பர் வேன் என்பது இந்தியச் சட்டம் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட வாகன வகை. வாகனங்களை வகை பிரித்து மத்திய அரசு 2004ஆம் ஆண்டு நவம்பர் 5 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் கேம்பர் வேன் இரண்டு இடங்களில் வருகிறது: போக்குவரத்து வாகனங்களின் பட்டியலில் ஒருமுறை, போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் 'சொந்தப் பயன்பாட்டுக்கானது' என்ற அடைமொழியுடன் இன்னொருமுறை. ஒரே வண்டி, அதன் பயன்பாட்டைப் பொறுத்து, இந்த இரண்டில் ஒன்றாகப் பதிவாகும்.

இந்த வேறுபாடு வெறும் பெயரளவிலானது அன்று. சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான கேம்பர் வேனுக்கு வெள்ளை எண் பலகையில் கருப்பு எழுத்து. பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வாகனம் தகுதியுடன் இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். போக்குவரத்து வாகனமாகப் பதிவானால் மஞ்சள் பலகை, பெர்மிட், எஃப்.சி. ஆகிய மூன்றும் வந்துவிடும். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றை முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் வாங்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை நண்பரின் நண்பருக்கு நாள் வாடகைக்குக் கொடுப்பது சிறிய காரியமாகத் தோன்றினாலும், வாடகை வாங்கிய அந்தக் கணமே அது பெர்மிட் இல்லாமல் ஓடும் போக்குவரத்து வாகனமாகிவிடுகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வதும் அதைத்தான். வாடகைக்கு விடும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், தொடக்கத்திலேயே மஞ்சள் பலகைக்கு விண்ணப்பிப்பதே சரி.

சட்டத்துக்கு உட்பட்ட வழிகள்

மிகவும் பாதுகாப்பான வழி, கேம்பர் வேனாகவே சான்று பெற்ற வண்டியை வாங்குவது. மோட்டார் கேரவன்களுக்கு, அதாவது தங்கும் வசதி கொண்ட இத்தகைய வண்டிகளுக்கு, ஒப்புதல் அளிக்கும் நடைமுறை ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் தொழில் தரநிலையில் வகுக்கப்பட்டுள்ளது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆவது விதியின் கீழ் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனங்கள், எடுத்துக்காட்டாகப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகாட் ஆகியவை, மாதிரி வண்டியைச் சோதித்துச் சான்றளிக்கின்றன. அந்தச் சான்றைப் பெற்ற பாடி கட்டுபவரிடம் சேசிஸை, அதாவது பாடி இல்லாத வண்டியின் அடிச்சட்டத்தை, கொடுத்துக் கட்டினால், சேசிஸ் தயாரிப்பாளர் ஒரு பகுதியிலும் பாடி கட்டியவர் மறு பகுதியிலும் கையொப்பமிடும் படிவம் 22அ கிடைக்கும். அதை வைத்துத்தான் முதல் பதிவின்போதே கேம்பர் வேன் என்று ஆர்.சி.யில் எழுதப்படும். பட்டறையில் விலை பேசுவதற்கு முன்பு, எந்த சேசிஸ் மாடலுக்கு எந்தச் சோதனை நிறுவனத்தின் சான்று இருக்கிறது என்று கேட்டு, அதன் நகலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். வேறு மாடலுக்கு வாங்கிய சான்றைக் காட்டினால் அது உங்கள் வண்டிக்குப் பயன்படாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை மாற்றுவது இதைவிடக் கடினமானது. இதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்து வடிவில் பெற வேண்டும். வரைபடம், பொருத்தப்போகும் பொருள்களின் பட்டியல், மாற்றத்துக்குப் பிந்தைய இருக்கை எண்ணிக்கை, எதிர்பார்க்கும் வெற்று எடை ஆகியவற்றை இணைத்து விண்ணப்பித்தால், மோட்டார் வாகன ஆய்வாளரும் எதை ஒப்புக்கொள்ளலாம், எதை முடியாது என்று வேலை தொடங்கும் முன்பே சொல்ல முடியும். வண்டியின் பேரில் கடன் நிலுவையில் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் தேவைப்படும். சரக்கு வண்டியாகப் பதிவானதைச் சொந்தப் பயன்பாட்டு கேம்பராக மாற்றுவதென்றால், வகை மாற்றம், பெர்மிட்டை ஒப்படைத்தல், வரி வேறுபாட்டைச் செலுத்துதல் என்று வேலை பன்மடங்காகும். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பழைய சரக்கு வேனை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அலுவலகத்துக்கு அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழி எளிமையானது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. வண்டியின் கட்டமைப்பைத் தொடாமல், இருக்கைகளைக் கழற்றாமல், தகட்டில் துளையிடாமல், எடுத்து வைக்கவும் இறக்கிவிடவும் கூடிய படுக்கைப் பலகை, மடக்கு மேசை, தண்ணீர்க் கேன், கையடக்க மின்சேமிப்பான் ஆகியவற்றைச் சுமையாக ஏற்றிச் செல்வது அது. ஆர்.சி.யில் ஒரு வரியும் மாறாததால் 52ஆவது பிரிவின் தடை இங்கே எழுவதில்லை. ஆனால் ஓடும் வண்டியில் அவை அசையாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். ஓட்டுநரின் பார்வையை மறைக்கக் கூடாது.

எடை, எரிவாயு, மின்சாரம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் எடையைக் கணக்கிடாமல் இருக்கக் கூடாது. 100 லிட்டர் தண்ணீர் என்பது 100 கிலோ. அதனுடன் ஒட்டுப்பலகை அலமாரிகள், மின்கலம், எரிவாயு உருளை, நான்கு பேர், அவர்களின் பெட்டிகள் எல்லாம் சேரும்போது, அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை வண்டி தாண்டிவிடுவது எளிதில் நடக்கும். வேலைக்கு முன்பு ஒருமுறையும், எல்லாவற்றையும் ஏற்றிய பின்பு ஒருமுறையும் எடை மேடையில் நிறுத்தி, இரண்டு சீட்டுகளையும் வைத்துக்கொள்வது நல்லது. தொட்டியும் மின்கலமும் ஒரே பக்கத்தில் அமைந்தால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து, வளைவுகளிலும் பிரேக் பிடிக்கும்போதும் ஆபத்தாகும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகவே உருளையை நிமிர்ந்த நிலையில் தனி அறையில் வைத்து, அந்த அறை தங்கும் பகுதியோடு காற்றுத் தொடர்பு இல்லாமலும், அடிமட்டத்தில் வெளியே திறக்கும் துளையுடனும் இருக்கும்படி அமைக்க வேண்டும். மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதால், அதை உணர்ந்து ஒலி எழுப்பும் கருவி இல்லாமல் உள்ளே சமைப்பதும், அடுப்பை மூட்டி வைத்துவிட்டு உறங்குவதும் உயிருக்கே ஆபத்து. கூடுதல் மின்கலத்துக்கு, அதன் நேர்முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். முனைக்கும் ஃபியூசுக்கும் இடையே உள்ள கம்பி உராய்ந்து தகட்டைத் தொட்டால் அதைத் துண்டிக்க எதுவும் இருக்காது. கண்ணாடியை மாற்றினால், முன்னும் பின்னும் 70 விழுக்காடும் பக்கவாட்டில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற 100ஆவது விதியை மறக்க வேண்டாம்.

படுக்கை படுப்பதற்குத்தான், ஆனால் வண்டி நின்ற பிறகு. ஓடும்போது ஒவ்வொருவரும் முறையான இருக்கையில் பெல்ட் அணிந்து அமர்ந்திருக்க வேண்டும்; பெல்ட் அணியாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். உறங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் பலகையிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். திடீர் பிரேக்கில் அந்தக் குழந்தையைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

வைத்திருக்கும் காலத்தில்

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியையும் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாயும் அடுத்த முறை 4,000 ரூபாயும் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, உள்ளே பொருத்திய சாமான்களின் மதிப்பையும் பாலிசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெரிவிக்காத மாற்றத்தால் தீப்பிடித்தது என்று காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் எழுதிவிட்டால் வண்டியின் இழப்பீடு கைக்கு வருவது கடினம்.

ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்கு மேற்படாத வாகனங்கள் இலகுரக வாகனங்கள் என்பதால் வழக்கமான கேம்பர்களுக்கு அந்த உரிமம் போதும். அந்த எடைக்குள் அடங்கும் போக்குவரத்து வாகனங்களையும் அதே உரிமத்தில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது.

ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் வேறொரு மாநிலத்தில் வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்று 47ஆவது பிரிவு கூறுகிறது. வாகன வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் கேரவன் பூங்காவுக்கு வழிசெய்தது. அத்தகைய பூங்கா உள்ள இடங்களில் இரவு நிறுத்துவதற்கு மின்சாரமும் தண்ணீரும் முறைப்படி கிடைக்கும்.

விற்கும்போது, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றோடு, மாற்றத்துக்கான ஒப்புதல் கடிதத்தின் நகலையும் சோதனைச் சான்றின் நகலையும் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். வாங்குபவர் தம் பங்குக்கு ஆர்.சி.யில் எழுதியுள்ள பாடி வகையையும் இருக்கை எண்ணிக்கையையும் வண்டிக்குள் எண்ணிப் பார்த்து, சேசிஸ் எண்ணையும் ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். பெயர் மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்றும்படி நிறுவனத்திடம் விண்ணப்பித்துவிட வேண்டும்.