டாக்ரோலிமஸ் லெவல் குறைந்தால் உடனே நோயாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள்

"லெவல் குறைவு. நோயாளி மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை." உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கச் சாப்பிடும் மருந்து டாக்ரோலிமஸ். ரத்தத்தில் அதன் அளவுதான் லெவல். அவர்களைப் பற்றிய செவிலியர் குறிப்புகளில் இந்த இரண்டு வரிகளும் ஒட்டிப் பிறந்தவைபோல வருகின்றன. முதல் வரி ஆய்வகம் சொன்னது. இரண்டாவது வரியை யார் சொன்னது? பல கோப்புகளில் நோயாளியிடம் கேட்டதற்கான தடயமே இல்லை. அந்தக் குறிப்புகளே பின்னர் ஆய்வுத் தரவாகவும் மாறுகின்றன என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதிகளில் முக்கியமானது சி.ஒய்.பி.3ஏ5. இதற்கான மரபணுவில் *1, *3 என்று வகைகள் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் *3 வகை வந்திருந்தால் இந்த நொதி ஏறக்குறைய இயங்காது. ஒரு *1 பிரதி இருந்தாலே நன்றாக இயங்கும். அப்படிப்பட்டவருக்கு வழக்கமான தொடக்க டோஸைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தேவைப்படலாம். அவர் ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்கினாலும் லெவல் தாழ்ந்தே இருக்கும். *1 வகை ஒரு மக்கள் பிரிவில் அதிகம், இன்னொன்றில் குறைவு. எனவே லெவலை மட்டும் அளவுகோலாக வைத்து "மருந்து ஒழுக்கம்" பற்றி ஆய்வு செய்தால், ஒரு பிரிவினர் முழுவதுமே பொறுப்பற்றவர்கள் என்ற முடிவு வந்து நிற்கும். அது ஆய்வாளர் செய்யும் அநியாயம்.

அதற்காக எல்லாப் பழியையும் மரபணுமேல் போடுவதும் சரியல்ல. மரபணு மாறுவதில்லை, ஆகவே ஒரே டோஸில் லெவலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். 4.1, 4.3, 3.9 என்று வந்தால் அது நிலையான தாழ்வு. முதலில் டோஸையும் மரபணுவையும் பாருங்கள். அதே டோஸில் 9, 3, 6 என்று ஆடினால் நேரம் தவறுதல், வயிற்றுப்போக்கு, புதிதாகச் சேர்ந்த மருந்து, மாத்திரையின் தயாரிப்பு மாறியது என ஒவ்வொன்றாகத் தேடுங்கள். திட்டவிலக்கத்தை (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் எண்) சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் முதலாமவருக்குச் சுமார் 5 சதவீதம், இரண்டாமவருக்கு 50 சதவீதம். 30-ஐத் தாண்டினால் கவலைப்படுவது பொதுவான வழக்கம். மூன்று அளவீடுகள் விளக்கத்துக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. இடையில் டோஸ் மாறியிருந்தால் ஒவ்வொரு லெவலையும் அன்றைய டோஸால் வகுத்த பிறகே கணக்கிடுங்கள். உறுப்பு மாற்று சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது டோஸை மருத்துவரே அடிக்கடி மாற்றிக்கொண்டிருப்பார்.

லெவல் சரியாக இருந்தால் நோயாளி ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று எழுதுவதும் தவறுதான். பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் கவனமாக விழுங்குபவர்கள் உண்டு. மாத்திரை எண்ணிக்கை, மருந்து வாங்கிய தேதிகள், திறக்கும் நேரத்தைப் பதியும் மின்னணுக் குப்பி ஆகியவற்றில் குறைந்தது ஒன்றையாவது நோயாளியின் வாய்மொழியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கேட்கும்போது "மறந்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "கடந்த நான்கு வாரங்களில் எத்தனை வேளை தவறியது? எத்தனை முறை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானது?" என்று கேளுங்கள்.

ரத்தம் எடுப்பதிலேயே பாதித் தவறு நடக்கிறது. நாளுக்கு இருவேளை மாத்திரை என்றால், கடைசி வேளைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவரின் ரத்தத்தை எடுத்து "லெவல் கூடுதல்" என்று பதியாதீர்கள். ரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, சீரத்தைப் பிரிக்காமல் முழு ரத்தமாகவே அளக்க வேண்டும். இந்த மருந்து சிவப்பணுக்களில்தான் பெருமளவு தங்குகிறது. அதனால் ரத்தசோகை இருந்தாலும் அளவு தாழ்ந்து தெரியும். ஹீமட்டோக்ரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பக்கத்திலேயே எழுதுங்கள். டோஸ் மாற்றியவுடன் மறுநாளே எடுத்த அளவை நம்பாதீர்கள். இரண்டு மூன்று நாட்களாவது போகட்டும்.

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் லெவலைக் கீழே தள்ளும். பூஞ்சைத் தொற்று மருந்தான ஃப்ளுகோனசோல், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின், ரத்த அழுத்த மருந்தான டில்டியாசெம், கிரேப்ஃப்ரூட் பழம் ஆகியவை மேலே ஏற்றும். வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் மேலேதான் ஏற்றும். "வயிறு போனது, மருந்தும் போயிருக்கும்" என்று நோயாளியே டோஸைக் கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லீரல் மாற்று ஆய்வுகளில் இன்னொன்று விட்டுப்போகிறது. குடலில் இருப்பது கல்லீரலைப் பெற்ற நோயாளியின் மரபணு, புதிய கல்லீரலில் இருப்பது கொடையாளருடையது. இரண்டும் சேர்ந்துதான் மருந்தைச் சிதைக்கின்றன. நோயாளியின் ரத்தத்தை மட்டும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினால் பாதி விடைதான் கிடைக்கும். கொடையாளர் மாதிரிக்கான அனுமதியை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே கேளுங்கள். பிறகு கிடைப்பது கடினம்.

ஒப்புதல் படிவத்தில் இன்னொரு வரியும் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்: மரபணு முடிவை, சிகிச்சைக்குப் பயன்படுத்தத் தகுதியுள்ள ஆய்வகத்தில் உறுதிசெய்த பின், நோயாளியின் மருத்துவக் கோப்பில் சேர்க்கலாமா என்று. அது ஆய்வாளரின் கணினியிலேயே தங்கிவிட்டால், நாளை அவருக்கு டோஸ் எழுதப்போகும் மருத்துவருக்குத் தெரியாது. தாழ்ந்த லெவலைப் பார்த்து அடுத்த செவிலியரும் அவரைத்தான் கடிந்துகொள்வார்.