இரண்டகம்: துரோகத்துக்கு இன்னொரு சொல்

ஒரு கணினி விளையாட்டில் ஆஸ்டகார் என்ற போர்க்களத்தை நான் இரண்டாவது முறை விளையாடிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபுரத்தின் உச்சியில் அடையாளத் தீ மூட்டியாகிவிட்டது. அதைக் கண்டதும் பக்கவாட்டிலிருந்து பாய வேண்டிய படை பாயவில்லை. தளபதி லோகெய்ன் தீயைப் பார்க்கிறான், பின்வாங்கச் சொல்கிறான். அரசரின் கதி என்னவென்று கேட்கும் பெண் தளகர்த்தரின் கையைப் பற்றி, சொன்னதைச் செய் என்கிறான். கீழே களத்தில் அரசன் கெய்லனை ஓர் அரக்கப் பிறவி ஒரே பிடியில் நசுக்கிக் கொல்கிறது.

“துரோகி” என்றேன்.

அம்மாவின் கேள்வி வேறாக இருந்தது. “இவன் அந்த ராஜாவுக்கு என்ன உறவு?”

“மாமனார்.”

“பெண்ணைக் கொடுத்தவனா இப்படி விட்டுவிட்டுப் போகிறான்? அப்படியென்றால் மனதில் வேறு ஏதோ இருந்திருக்கிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம்.”

நான் ஒரு சொல்லால் முடித்துவைத்த ஆளை அம்மா இன்னொரு சொல்லால் திறந்துவிட்டார். இந்த இரண்டு சொற்களுக்கும் அகராதி ஒரே பொருளைத்தான் தரும். ஆனால் கதை எழுதுகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

முதலில் துரோகம். இது வடமொழி ‘த்ரோஹ’ என்பதன் தமிழ் வடிவம். அதன் வினையடி ‘த்ருஹ்’. தீங்கு எண்ணுதல், பகைத்தல் என்று பொருள். பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் இதன் உடன்பிறப்பான ‘த்ருஜ்’ பொய்யைக் குறிக்கிறது. ஆக, வேரில் தீங்கு இருக்கிறது, பொய் இருக்கிறது. நம்பிக்கை என்ற ஒன்று இல்லை. அதனால்தான் நாம் அதை முன்னால் ஒட்டி ‘நம்பிக்கைத் துரோகம்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இராஜத்துரோகம், குருத்துரோகம், தேசத்துரோகம் என்று எந்தத் தொடரை எடுத்தாலும் முன்னொட்டு பாதிக்கப்பட்டவரைத்தான் சொல்கிறது. செய்தவன் ஏன் செய்தான் என்பதற்கு இந்தச் சொல்லில் இடமே கிடையாது. தீர்ப்பு எழுதிய பிறகு பயன்படும் சொல் இது. மேடைப் பேச்சில் இதற்கு இருக்கும் மவுசும் அதனால்தான்.

ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிட்ரே’ என்ற வினைக்கு மூலம் லத்தீன் ‘த்ராதெரே’. கையளித்தல் என்று பொருள். மரபைக் குறிக்கும் ‘டிரடிஷன்’ என்ற சொல்லும் அதே வினையிலிருந்து வந்ததுதான். அப்பன் மகனிடம் கையளித்தால் மரபு, கோட்டைச் சாவியை எதிரியிடம் கையளித்தால் மற்றது. நம்மிடம் இதற்கு நேரான சொல் முன்பே இருக்கிறது: காட்டிக்கொடுத்தல். காட்டுவதும் கொடுப்பதுமாக இரண்டு கைவேலைகள் அதில் தெரிகின்றன. தமிழ் விவிலியத்தில் யூதாஸ் செய்ததற்கு இந்தச் சொல்தான் வருகிறது; கிரேக்க மூலத்தில் அங்கே நிற்கும் வினைக்கும் ஒப்படைத்தல் என்றே பொருள்.

இந்தச் சொல்லை நாம் யார் மீது ஒட்டுகிறோம் என்பதில் ஒரு கோணல் இருக்கிறது. காட்டிக்கொடுத்தவனுக்கு வழக்கில் எட்டப்பன் என்று பெயர். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். எட்டயபுரமோ எல்லைத் தகராறு இருந்த அண்டைப் பாளையம், கட்டபொம்மனின் சோற்றை உண்ட இடமல்ல. பகையாளி பகையாளியாகவே நடந்துகொண்டதற்குத் துரோகம் என்று பெயர் வைத்து அந்தப் பாளையக்காரரின் பெயரையே வசைச் சொல்லாக்கிவிட்டோம். நம்பியவன் ஒருவன் இல்லாமல் இந்தக் குற்றம் நடக்கவே முடியாது. கதையில் வரும் துரோகங்களில் பாதி விழுந்துபோவதும் இங்கேதான். வந்து பத்து நிமிடம் ஆகாத தோழன் முதுகில் குத்தினால் அது திடுக்கிடல் மட்டும்தான்.

இனி இரண்டகம். இரண்டு, அகம் என்று பிரியும், பேச்சில் ரெண்டகம். அகம் என்றால் உள்ளம், அகம் என்றால் வீடு. எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் பழுதில்லை: ஒருவனுக்குள் இரண்டு உள்ளங்கள், அல்லது ஒருவனுக்கு இரண்டு வீடுகள். பாதிக்கப்பட்டவரை விட்டுவிட்டுச் செய்தவனின் உள்ளே போகும் சொல் இது ஒன்றுதான். செய்தவனை இது மன்னிப்பதில்லை. “உண்ட வீட்டுக்கு” என்று தொடரின் முதல் பாதி கணக்கைத் தெளிவாக வைத்துவிடுகிறது. இதன் எதிர்முனையில் இருப்பது செஞ்சோற்றுக்கடன். அதற்கும் அளவுகோல் சோறுதான். கும்பகர்ணன் சோற்றுக்கு நின்றான், வீடணன் அறத்துக்குப் போனான். இருவரும் ஒரே வீட்டில் உண்டவர்கள் என்பதால்தான் அந்தப் பட்டிமன்றம் இன்னும் முடியாமல் இருக்கிறது.

இரண்டகத்தை வஞ்சகத்தோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. கும்பிடும் கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்ற பொருளில் “தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்” என்கிறது குறள். அந்தக் கைக்காரனுக்கு அகம் ஒன்றுதான், அது பகை. கும்பிடு வெறும் வேடம். வஞ்சகனுக்கு முகம் இரண்டு, அகம் ஒன்று. இரண்டகம் செய்பவனுக்கு முகம் ஒன்று, அகம் இரண்டு. அவற்றில் எதுவும் பொய்யில்லை.

நான் விளையாடிக்கொண்டிருந்தது ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’. கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009இல் வெளியிட்டது. அமெரிக்காவில் 17 வயது நிரம்பியவர்களுக்கு என்று முத்திரை பெற்ற மாயாஜாலக் கதை. அந்த ஒரே விளையாட்டுக்குள் இரண்டு வகை ஆட்களும் இருக்கிறார்கள். பிரபுக் குடும்பத்தின் பிள்ளையாகக் கதையைத் தொடங்கினால், ஹோ என்ற பிரபு உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வருவான். உங்கள் தந்தையின் பழைய நண்பன். தன் ஆட்கள் வரத் தாமதமாகிறது என்பான். உங்கள் அண்ணன் படையோடு கிளம்பிப் போன இரவில் அந்த ஆட்கள் வந்து கோட்டையில் இருப்பவர்களை வெட்டுகிறார்கள். உண்ட வீடு என்ற பாதி ஹோவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. இரண்டகம் என்ற பாதி பொருந்தவே இல்லை. அவனுக்கு நிலம் வேண்டும், பட்டம் வேண்டும், அவ்வளவுதான். அவனைக் கொல்லும்போது உங்களுக்கு மகிழ்ச்சி வரும், யோசனை வராது.

லோகெய்ன் அப்படியல்ல. அவனுடைய நாடான ஃபெரெல்டனை ஓர்லே பேரரசு முன்பு பிடித்துவைத்திருந்தது. கெய்லனின் தந்தை மாரிக்கோடு தோள் சேர்ந்து போரிட்டு அதை விரட்டியவன் லோகெய்ன். இப்போது நண்பனின் மகன், தன் மருமகன், அதே ஓர்லேயிலிருந்து குதிரைப்படையை உதவிக்கு வரவழைக்கப் பார்க்கிறான். களத்தில் எதிரிக்கூட்டம் எண்ணிக்கைக்கு அடங்காமல் நிற்கிறது. தீ எரிகிறபோது லோகெய்னுக்குள் ஓர் அகம் மாரிக்கின் பிள்ளையைப் பார்க்கிறது, இன்னொரு அகம் மாரிக்கோடு சேர்ந்து மீட்ட மண்ணைப் பார்க்கிறது. படையை உள்ளே விட்டால் இரண்டும் போகும் என்று கணக்குப் போடுகிறான். கணக்கு சரியா என்று விளையாட்டு சொல்வதில்லை. 2010இல் வந்த இணைப்புப் பகுதியில் மீண்டும் ஆஸ்டகாருக்குப் போனால் கெய்லனின் பெட்டியில் கடிதங்கள் கிடைக்கும்: ஓர்லே பேரரசியோடு எழுதிக்கொண்டவை, அரசி அனோராவை விலக்கிவிடச் சொல்லி யோசனை கூறும் ஒன்று. அனோரா லோகெய்னின் மகள். அவன் பயத்துக்கு ஆதாரம் இருந்தது என்பது அவன் செய்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

அதற்காக எழுத்தாளர்கள் அவனைக் கழுவிவிடவில்லை. ஆஸ்டகாருக்குப் பிறகு பழியை அடுத்தவர் மீது போடுகிறான், எதிரணிப் பிரபுவுக்கு நஞ்சு வைக்கிறான், படைச் செலவுக்குத் தலைநகரில் எல்ஃப் என்ற இனத்தவர் வாழும் சேரியிலிருந்து ஆட்களை அடிமை வணிகர்களுக்கு விற்கிறான். நாட்டைக் காப்பாற்றக் கிளம்பியவன் நாட்டு மக்களையே விற்கும் இடத்துக்கு ஒவ்வொரு படியாக இறங்குகிறான். எந்தப் படியிலும் அவன் திடீரென்று வேறு ஆளாக மாறுவதில்லை. நம்பும்படியான துரோகம் என்று நான் சொல்வது இதைத்தான். இன்னொன்றும் உண்டு. அந்த அடையாளத் தீயை மூட்டியது ஆட்டக்காரரின் கை. சண்டையிட்டுச் சண்டையிட்டு மாடி ஏறி நாம் மூட்டிய தீயைப் பார்த்துக்கொண்டேதான் அவன் திரும்பிப் போகிறான். சினிமா பார்ப்பவருக்கு அந்த எரிச்சல் கிடைக்காது.

அதே நிறுவனம் 2011இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் இந்தச் சொல்லை அப்படியே உருவமாக்கியதுபோல ஒருவன் வருகிறான். ஆண்டர்ஸ் ஒரு மருத்துவன், மந்திரவாதி, உங்கள் தோழன், விரும்பினால் காதலன். அவனுக்குள் நீதி என்ற பெயருடைய ஆவி ஒன்று குடியிருக்கிறது. இரண்டு அகங்கள், உருவகமாக இல்லாமல் உண்மையாகவே. அந்த ஆவியைப் பிரித்தெடுக்கும் மருந்துக்கு என்று சொல்லி உங்களிடம் இரண்டு பொருள்கள் தேடித் தரக் கேட்கிறான். ஒன்றின் பெயர் சேலா பெட்ரே. வெடியுப்பின் லத்தீன் பெயர் தெரிந்தவருக்கு அப்போதே மூக்கு வேர்த்திருக்க வேண்டும். எனக்கு வேர்க்கவில்லை. சாக்கடையில் இறங்கிப் பொறுப்பாகப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். கடைசியில் கிர்க்வால் நகரின் பெரிய தேவாலயம் உள்ளிருப்பவர்களோடு வானில் சிதறியது. ஆண்டர்ஸ் தப்பி ஓடவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து, என்ன செய்வது என்று என்னை முடிவெடுக்கச் சொல்லிக் காத்திருந்தான்.

காட்டிக்கொடுத்தல் மட்டும் இருந்து இரண்டகம் இல்லாத இடமும் ஒன்று உண்டு. 2000இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 2’இல் யோஷிமோ என்ற திருடன் தொடக்கத்திலேயே சேர்ந்துகொள்வான். கண்ணிகளை அவிழ்ப்பது, பூட்டுகளைத் திறப்பது எல்லாம் அவன் கையில்தான். பாதி வழியில் நம்மை எதிரியிடம் ஒப்படைத்துவிடுகிறான். மறுத்தால் சாகும்படி அவன் மீது மந்திரக் கட்டு போடப்பட்டிருந்தது என்று பிறகு தெரிகிறது. அவனைக் கொன்ற பின் அவன் இதயம் நம் மூட்டையில் ஒரு பொருளாகச் சேர்கிறது; கோயிலுக்கு எடுத்துப் போய்க் கொடுத்து அவன் ஆன்மாவை விடுவிக்கலாம். அவனைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காட்டிக்கொடுத்தான், அவ்வளவுதான் சொல்லலாம்.

எழுதுகிறவர்கள் கேட்கக்கூடும்: இந்த உள்காரணத்துக்கு, கதைப் பயிற்சியில் ‘மோட்டிவேஷன்’ என்கிறார்களே, அதற்குத் தமிழ் என்ன? ஊக்கம் என்று போட்டால் தன்னம்பிக்கைக் கூட்டத்து வாடை வரும். நோக்கம் என்பது போகும் இடம். புறப்படவைத்த காரணத்தை அது சொல்லாது. உள்நோக்கம் என்றால் சூது என்று முன்கூட்டியே முடிவுகட்டியதாகிவிடும். நான் உள்ளக்கிடக்கை என்று எழுதுகிறேன். உள்ளத்தில் கிடப்பது, அவனே அறியாமலும் கிடக்கலாம். பழைய சொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

லோகெய்னுக்கு வருகிறேன். பிரபுக்கள் கூடிய அவையில் அவனை வென்ற பிறகு, வெட்டலாம் அல்லது நம் படையில் சேர்த்துக்கொள்ளலாம். முதல் முறை வெட்டினேன். அம்மா சொன்னதைக் கேட்டிருந்ததால் இரண்டாவது முறை உயிரோடு விட்டேன். ஆஸ்டகாரில் தன் படைத்தோழர்களை எல்லாம் இழந்து, அன்றிலிருந்து என்னோடு ஒரே முகாமில் தங்கி, என்னை மட்டுமே நம்பி வந்த அலிஸ்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியேறினான். அம்மா அப்போது அடுக்களையில் இருந்தார். நான் கூப்பிடவில்லை.