மோட்டார் ஷட்டர் உறுமுகிறது, ஆனால் ஏறவில்லை

மோட்டார் ஷட்டர் மக்கர் செய்கிறது என்று மெக்கானிக்குக்கு போன் போட்டால், விவரமானவராக இருந்தால் அவர் முதலில் கேட்பது "சத்தம் வருதா?" என்றுதான். பட்டனை அழுத்தியும் சத்தமே இல்லையா? மோட்டாருக்கு கரண்ட் போய்ச் சேரவில்லை. 'உம்ம்' என்று உறுமிக்கொண்டே நிற்கிறதா? கரண்ட் போகிறது, மோட்டாரால் சுற்ற முடியவில்லை. மோட்டார் ஜோராகச் சுற்றியும் ஷட்டர் அசையவில்லை என்றால் செயினிலோ கியரிலோ கோளாறு.

சத்தமே இல்லாத கேஸ் பெரும்பாலும் எளிது. சுவர் பட்டனுக்கு ஏறி, ரிமோட்டுக்கு மட்டும் ஏறாவிட்டால் ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று நம்பிவிட முடியாது. சோர்ந்த பேட்டரியிலும் விளக்கு எரியும், சிக்னல்தான் தூரம் போகாது. இரண்டுக்குமே அசையவில்லை என்றால் எம்சிபி (கோளாறு வந்தால் தானாகவே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருங்கள். ஷட்டர் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. குழாய் வடிவ மோட்டார்கள் பலவற்றுக்கு ஒரே மூச்சில் ஓடும் வரம்பு 4 நிமிடம்தான். அதைத் தாண்டிச் சூடானால் உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு கரண்டைத் துண்டித்துவிடும். ஆறியதும் தானாகவே சேர்த்துக்கொள்ளும். புது ஷட்டர் போட்ட அன்று வருகிறவர்களுக்கெல்லாம் ஏற்றி இறக்கிக் காட்டுபவர்கள் இதில் வசமாக மாட்டுவார்கள்.

சுவாரசியமானது அந்த உறுமல்தான். வீட்டு கார் ஷெட்டிலும் சிறு கடைகளிலும் இருப்பது பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ் மோட்டார். அதன் பிரதான வைண்டிங்கில், அதாவது கம்பிச் சுருளில், பாயும் கரண்ட் உண்டாக்கும் காந்தப்புலம் சுழலாது. ஒரே கோட்டில் இப்படியும் அப்படியும் புரண்டுகொண்டிருக்கும். இதை எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புலங்களாகக் கணக்கில் பிரிக்கலாம். நின்றிருக்கும் ரோட்டரை (மோட்டாரில் சுழலும் பகுதியை) இரண்டும் சம பலத்தில் இழுப்பதால் அது எந்தப் பக்கமும் போகாது. திசை காட்ட இரண்டாவது வைண்டிங் வேண்டும், அதில் கரண்ட் சற்று முன்கூட்டியே உச்சம் தொட வேண்டும். அந்த நேர வித்தியாசத்தை உண்டாக்குவதுதான் கண்டென்சரின் வேலை. எந்த வைண்டிங் கண்டென்சர் வழியாகக் கரண்ட் வாங்குகிறதோ, அதைப் பொறுத்தே ஷட்டர் ஏறும் அல்லது இறங்கும்.

கண்டென்சர் வயதாகித் திறன் இழந்தால் இந்த வித்தியாசம் குறையும், தொடக்க விசை போதாமல் போகும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் காந்த இழுப்பு நொடிக்கு 100 முறை உச்சம் தொடுகிறது. மோட்டாரின் இரும்பு அந்த வேகத்தில் அதிர்வதைத்தான் உறுமலாகக் கேட்கிறோம். சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். ஆகவே உறுமினால் உடனே பட்டனை விடுங்கள். ஒருவேளை ஏறிவிடும் என்று அழுத்திக்கொண்டே இருந்தால், கண்டென்சரோடு போக வேண்டிய செலவு வைண்டிங் வரை போகும். கண்டென்சரை மாற்றுகிறவர் மெயினை அணைத்தால் மட்டும் போதாது. கரண்டை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். அதை முறையாக இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கண்டென்சர் நன்றாக இருந்தும் சாயங்காலத்தில் மட்டும் உறுமுகிறதா? வோல்டேஜைப் பாருங்கள். மோட்டாரின் விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 230 வோல்ட் 190 ஆக இறங்கினால் விசை கிட்டத்தட்ட 68 சதவீதம்தான். பத்தடிக்குப் பத்தடி கனத் தகடு ஷட்டர் நூறு கிலோவைத் தாண்டக்கூடியது. அதற்கு இந்த இழப்பு சின்னதல்ல.

பெரிய குடோன்களின் த்ரீ ஃபேஸ் மோட்டாருக்குத் தொடக்கத்துக்காகக் கண்டென்சர் தேவையில்லை. அதற்கு வேறொரு ஆபத்து. லைனில் வேலை நடந்த பிறகு இரண்டு ஃபேஸ் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். 'இறங்கு' பட்டனுக்கு ஷட்டர் ஏறும். வெறும் திசைக் குழப்பம் என்று நினைத்து அப்படியே பயன்படுத்தக் கூடாது. மேலே போய் நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்ச் 'ஏறு' சர்க்யூட்டில்தான் இணைந்திருக்கும். இப்போது ஓடுவது 'இறங்கு' சர்க்யூட். மேல் லிமிட்டைத் தொட்டாலும் மோட்டார் நிற்காது. அடிச்சட்டம் மேலே போய் மோதி, பட்டைகள் வளையும். எலக்ட்ரீஷியன் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஃபேஸ் வரிசையைக் கவனிக்கும் ரிலே ஒன்று இருந்தால், வரிசை மாறியிருக்கும்போது மோட்டார் கிளம்பவே கிளம்பாது. குடோன் வைத்திருப்பவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

இறங்கும்போது பாதியில் நின்று திரும்ப ஏறினால், சென்சர் உள்ள ஷட்டரில் முதல் சந்தேகம் அதன் கண்ணாடி மேல்தான். தூசியோ சிலந்தி வலையோ ஒளிக்கற்றையை மறைத்தால் யாரோ குறுக்கே நிற்பதாக அது எடுத்துக்கொள்ளும். தொல்லை என்று சென்சரைக் கழற்றி வயரை ஒட்டிவிடுகிற வழக்கம் மோசமானது. அமெரிக்காவில் வீட்டு கராஜ் கதவு மோட்டார்களுக்கு கதவுக்கு அடியில் ஆள் சிக்கிக்கொள்வதைத் தடுக்கும் பாதுகாப்பு 1993 ஜனவரி 1 முதல் கட்டாயம். குழந்தைகள் நசுங்கி இறந்த பிறகு வந்த விதி அது.

ஸ்பிரிங் உள்ள ஷட்டர் என்றால் இன்னொரு சோதனை உண்டு. மெயினை அணையுங்கள். ஷட்டர் இறங்கியிருக்கும்போதே பிரேக்கை விடுவித்து, கையால் இடுப்பளவு தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய அங்கேயே நின்றால் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. தடாலென்று இறங்கப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது. பாரம் முழுவதையும் மோட்டார் சுமந்துகொண்டிருக்கிறது. கண்டுபிடிப்பது வரைதான் நம் வேலை. முறுக்கேறிய ஸ்பிரிங் நழுவினால் கையை முறித்துவிடும். அதை அதற்கென்றே கருவி வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.