சப்பல்: சிற்றாலயமா, செபக்கூடமா, கோயிலா?

கொழும்பில் மிசனரிக் கல்லூரிகளில் படித்த தமிழர்கள், பாடசாலை வளவில் இருக்கும் ஆலயத்தை ஆங்கிலத்தில் உள்ளபடியே 'சப்பல்' (chapel) என்பார்கள். அதே ஆட்கள் கிராமத்து அந்தோனியாரைக் கும்பிடப் புறப்பட்டால் "கோயிலுக்குப் போறன்" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோயில் கல்லூரிச் சப்பலில் கால்வாசி கூட இருக்காது.

சொல்லின் வேர் ஒரு மேலங்கி. 4ஆம் நூற்றாண்டில் உரோமைப் படைவீரராக இருந்த மார்ட்டின், இன்றைய பிரான்சின் அமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. அவருடையது என்று நம்பப்பட்ட மேலங்கியைப் பிராங்க் அரசர்கள் புனிதப் பொருளாகக் காத்தார்கள், போருக்கும் கொண்டுபோனார்கள். இலத்தீனில் 'கப்பெல்லா' என்றால் சின்ன மேலங்கி. அதை வைத்திருந்த இடத்துக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. அதைக் காத்த குருமார் 'கப்பெல்லானி'. சிறைச்சாலைக்கும் இராணுவத்துக்கும் இன்று நியமிக்கப்படும் 'சப்லின்' அந்த வழிவந்தவர். வாத்தியம் இல்லாமல் பாடும் 'அ கப்பெல்லா'வும் இதே வீட்டுப் பிள்ளைதான்.

சப்பலுக்குத் தமிழில் பரவலாக எழுதப்படுவது 'சிற்றாலயம்'. சிற்றூர், சிற்றுண்டி போலச் சிறு என்பது உயிரெழுத்துக்கு முன் 'சிற்று' ஆகிறது. இலக்கணம் சரி, பொருளில்தான் இடிக்கிறது. வத்திக்கானின் சிஸ்டைன் சப்பல் ஏறத்தாழ 41 மீட்டர் நீளம், 20 மீட்டருக்கும் மேல் உயரம். அதைப் போய்ச் சிறியது என்பதா?

உண்மையில் அளவு இங்கே கணக்கே இல்லை. யாருக்காக, யார் பொறுப்பில் என்பதுதான் கேள்வி. 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது: எல்லா விசுவாசிகளும் உரிமையோடு வரக்கூடியது ஆலயம், ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்காக அமைந்தது 'ஒரட்டோரி', தனிநபர் ஒருவருக்கோ சிலருக்கோ ஆனது தனியார் சப்பல். 'ஒராரே' என்றால் இலத்தீனில் செபித்தல். ஆகவே ஒரட்டோரிக்குச் 'செபக்கூடம்' அச்சொட்டான தமிழ். கன்னியர் மடம், விடுதி, வைத்தியசாலை ஆகியவற்றுக்குள் இருப்பதெல்லாம் இதுதான்.

அப்புறம் கிராமம். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை போட்டிருந்த காலத்தில், 1687இல் யோசேப்பு வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவர் கோவாவின் ஒரட்டோரியன் சபைக் குரு. பெயரிலேயே செபக்கூடம் இருக்கிறது, பாருங்கள். கிராமக் கோயிலுக்குக் குரு எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் ஊர்ச் சபையை நடத்திய மூப்பரும் அண்ணாவியாரும் செபம் சொல்லிக் கொடுப்பார்கள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலமும் அந்தக் காலத்து மண்கோயில் ஒன்றிலிருந்து வளர்ந்தது என்றே சொல்லப்படுகிறது.

இப்படி வளர்ந்த பழைய கிராமக் கோயிலின் அமைப்பும் எளிமையானது. கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம், 1757இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்வெண்டால் ஆலயம் சிலுவை வடிவில் கைவிரித்து நிற்கும். கிராமத்துக் கோயிலில் அந்தக் கைகள் இல்லை. நீளமாக ஒரே மண்டபம், கடைசியில் பீடம், அதன் பின்னால் குரு உடுப்பு மாற்றும் சின்ன அறை. மேற்குக் கரையில் சுவர் கபூக் கல்லும் (செம்பூரான் கல்) சுண்ணாம்புச் சாந்தும், வடக்கே சுண்ணக்கல். கிடுகுக் கூரைதான் பிறகு ஓடாக மாறியது. காசு சேர்ந்தால் முதலில் முகப்பைத்தான் எழுப்புவார்கள்: வளைந்து ஏறும் நெற்றிச் சுவர், நடுவில் மாடம், மாடத்தில் கோயிலின் பாதுகாவலரான புனிதரின் சுருவம், அதாவது சிலை. கோபுரம் கட்ட முடியாத இடத்தில் மணி வெளியே இரண்டு தூண்களுக்கு நடுவில் தொங்கும். பெருநாள் நவநாட்களில் சனம் முற்றத்தில் பந்தல் போட்டு நிற்கும். மண்டபம் எந்தக் காலத்தில் போதுமாக இருந்தது?

இதைச் சிற்றாலயம் என்பதைவிடக் 'கிளைக்கோயில்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பங்குக் கோயில் ஒன்றைச் சார்ந்தது என்ற செய்தி அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. சிற்றாலயத்தையும் வீசிவிட வேண்டாம். பேராலயம் ஒன்றின் உள்ளே பக்கவாட்டில் தனிப் பீடத்தோடு ஒதுங்கியிருக்கும் பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சந்தியில் கண்ணாடிக்குள் நிற்கும் அந்தோனியாருக்கும் சிலர் சிற்றாலயம் என்று எழுதிவிடுகிறார்கள். அது சுருவக்கூடு. உள்ளே அவருக்கு மட்டும்தான் இடம்.